நடிப்பா, நோயா? சிறைக்குள் கேட்கப்படும் தப்பான கேள்வி

"பைத்தியம் மாதிரி நடிச்சா போதும், கேஸ்ல இருந்து தப்பிச்சிடலாம்!"

டீக்கடை பெஞ்சிலிருந்து டி.வி. விவாதம் வரைக்கும் இந்த வசனம் ஓடாத இடமே இல்லை. பரபரப்பான கொலை வழக்கு ஒன்றில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு மனநிலை சரியில்லை என்று வக்கீல் வாயைத் திறந்தால் போதும். "ஆரம்பிச்சிட்டாங்கய்யா டிராமாவை" என்று ஊரே தீர்ப்பு எழுதிவிடும். 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களுக்கும், டாக்டரை ஏமாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்பதுதான் மனதில் நின்றிருக்கும்.

இந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக ஒரு கூட்டம் நீட்டுவதுதான் உளவியல் டெஸ்ட். "கைதி நடிக்கிறானா இல்லையா என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்தால் தெரிந்துவிடும், மார்க் போட்டுப் பார்த்தால் முடிந்தது" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மார்க் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்க்காமல் சிறைக்குள் அதைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? போலி மாட்டுவதை விட, நிஜமாகவே நோய் உள்ளவன் சாவதுதான் அதிகம் நடக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

நடித்தவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை

முதலில் எதிர்க்கட்சியின் பலமான சாட்சியையே கூப்பிடலாம். நியூயார்க்கின் ஜெனோவீஸ் மாஃபியா கும்பலின் தலைவர் வின்சென்ட் ஜிகான்டி. இந்த மனிதர் கிரீனிச் வில்லேஜ் தெருக்களில் குளியல் அங்கியோடு, தனக்குத்தானே பேசிக்கொண்டு பல வருடங்கள் நடந்து திரிந்தார். மனநல நிபுணர்கள் பலர் அவருக்கு நோய் இருப்பதாகவே சொன்னார்கள். 1990-ல் கைதானவர் மீது வழக்கு முடிந்து தண்டனை வந்தது 1997-ல்தான். 2003-ல் அவரே நீதிமன்றத்தில் அவ்வளவும் நடிப்பு என்று ஒப்புக்கொண்டார். 2005 டிசம்பரில் சிறையிலேயே இறந்தார்.

இன்னொருவர் கென்னத் பியான்கி. 1977-78-ல் லாஸ் ஏஞ்சல்ஸை நடுங்க வைத்த 'ஹில்சைட்' கொலைகளின் குற்றவாளி. 1979-ல் பிடிபட்டதும், "நான் செய்யவில்லை, எனக்குள் இருக்கும் ஸ்டீவ் செய்தான்" என்று இரட்டை ஆளுமை நாடகம் போட்டார். அதை நம்பிய நிபுணர்களும் இருந்தார்கள். மார்ட்டின் ஓர்ன் என்ற மனநல மருத்துவர் மட்டும் ஒரு வலை விரித்தார். "இந்த நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக இரண்டோடு நிற்காதே, இன்னும் ஆள் இருப்பார்களே" என்று போகிற போக்கில் சொல்லி வைத்தார். அவ்வளவுதான், பியான்கிக்குள்ளிருந்து 'பில்லி' என்று மூன்றாவது ஆள் வந்துவிட்டார்!

சரி, இந்த இரண்டு பேரும் எப்படி மாட்டினார்கள் என்பதைக் கவனித்தீர்களா? ஜிகான்டியைக் கவிழ்த்தது அவரோடு தொழில் செய்து பிறகு அரசுத் தரப்புக்கு வந்த கூட்டாளிகளின் சாட்சியமும், சிறையிலிருந்து தெளிவாகப் பேசிய தொலைபேசிப் பதிவுகளும்தான். பியான்கியைக் கவிழ்த்தது ஓர்னின் நேரடி விசாரணை. கூடவே, 'ஸ்டீவ் வாக்கர்' என்பது ஒரு நிஜ மாணவரின் பெயர், அவருடைய சான்றிதழ்களை பியான்கி மோசடியாக வாங்கி வைத்திருந்தார் என்று போலீஸ் தோண்டியெடுத்த தகவல். கேள்வித்தாளில் விழுந்த மார்க் இரண்டு பேரையும் பிடிக்கவில்லை. ஆனாலும் "டெஸ்ட் வையுங்கள், பிடித்துவிடலாம்" என்பவர்கள் இழுப்பது இந்த இரண்டு பெயரைத்தான்.

டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது?

இந்த டெஸ்ட்டுகள் முட்டாள்தனமானவை அல்ல. உண்மையில் புத்திசாலித்தனமாக வடிவமைக்கப்பட்டவை.

1989-ல் வந்த எம்.எம்.பி.ஐ.-2-ல் 567 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்று பதில் சொல்ல வேண்டும். அதில் சாதாரண மக்கள் அபூர்வமாகவே 'ஆமாம்' என்று சொல்லும் சில வாக்கியங்கள், மனநோயாளிகளே அபூர்வமாகச் சொல்லும் சில வாக்கியங்கள் எனக் கலந்து வைத்திருப்பார்கள். அந்த வகையில் நிறைய 'ஆமாம்' விழுந்தால் மிகைப்படுத்துகிறார் என்று சந்தேகம்.

ரிச்சர்ட் ராஜர்ஸ் 1992-ல் வெளியிட்ட எஸ்.ஐ.ஆர்.எஸ். என்பது நேர்காணல். ஒன்றோடொன்று சேராத அறிகுறிகளைச் சேர்த்துச் சொல்கிறாரா, நடக்கவே முடியாத அறிகுறிக்கும் தலையாட்டுகிறாரா, வாயால் சொல்வதும் கண்ணால் பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். 2001-ல் வந்த எம்-ஃபாஸ்ட் இதன் சுருக்கம் மாதிரி. வெறும் 25 கேள்வி, சில நிமிட வேலை. 6 மார்க்கோ அதற்கு மேலோ வாங்கினால் சந்தேகம்.

ஞாபக மறதி நடிப்பவர்களுக்கு 1996-ல் வந்த 'டாம்' டெஸ்ட். 50 படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டாக நீட்டி, "முன்னாடி பார்த்தது எது?" என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சுமார் 25 சரியாக விழும். ஒருவர் 10 மட்டும் சரியாகச் சொன்னால், சரியான விடை தெரிந்துதான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறார் என்று அர்த்தம். அழகான தந்திரம்தான்.

இங்கேதான் வழுக்குகிறது. அவ்வளவு கீழே போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் நடைமுறையில் 'டாம்' டெஸ்ட்டில் 45-க்குக் கீழே வந்தாலே சந்தேகம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். 10 வாங்கியவர் பற்றிய தர்க்கம் 42 வாங்கியவருக்குப் பொருந்துமா? முற்றிய மறதிநோய் உள்ளவர்களும், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் அந்தக் கோட்டுக்குக் கீழே விழக்கூடும். அதேபோல எம்-ஃபாஸ்ட் வெறும் முதல்கட்ட வடிகட்டிதான். 6 மார்க் வந்தால் "இன்னும் விரிவாகப் பாருங்கள்" என்று அர்த்தமே தவிர, "இவன் போலி" என்று அர்த்தமில்லை. உருவாக்கியவர்கள் போட்ட நிபந்தனை இது. ஆனால் நெரிசலான ஒரு சிறையில் அந்த 'விரிவாக' என்ற வார்த்தைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

ஒரு பி.காம். கணக்கு

வணிகவியல் மாணவர்கள் புள்ளியியல் தாளில் ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். தொழிற்சாலையில் மூன்று இயந்திரம் போல்ட் செய்கிறது, கையில் எடுத்த போல்ட் பழுது, அது எந்த இயந்திரத்திலிருந்து வந்திருக்கும்? பேய்ஸ் தேற்றம். ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகிற அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். (புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை.)

ஒரு சிறையில் 1000 பேர் மனநலச் சிகிச்சை கேட்கிறார்கள். அதில் 100 பேர் போலி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் நல்ல டெஸ்ட். போலிகளில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கும், நேர்மையானவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும்.

போலிகள் 100-ல் மாட்டுவது 80. நேர்மையானவர்கள் 900-ல் தப்பாக மாட்டுவது 10 சதவீதம், அதாவது 90. ஆக மொத்தம் மாட்டியவர்கள் 170. அதில் 90 பேர் நிரபராதிகள்! 'நடிக்கிறான்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் நடிக்கவே இல்லை. இத்தனைக்கும் டெஸ்ட் பழுதில்லாமல் வேலை செய்திருக்கிறது.

போலிகள் 100 அல்ல, 300 என்று வைத்தால்? அப்போது மாட்டுவது 310, அதில் தப்பாக மாட்டியவர்கள் 70. நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. நிலைமை தேவலாம். அப்படியானால் எல்லாமே போலிகளின் உண்மையான எண்ணிக்கையைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கை யாருக்குத் தெரியும்? கம்பெனி மோசடி மாதிரிதான் இதுவும். பிடிபட்ட மோசடி மட்டும்தான் கணக்கில் ஏறும். திறமையாக நடித்தவன் 'நோயாளி' பத்தியில் இருப்பான். தப்பாக மாட்டிய நோயாளி 'போலி' பத்தியில் இருப்பான். இரண்டு பத்தியும் கலந்து கிடக்கும் லெட்ஜரை வைத்துக்கொண்டு டெஸ்ட் துல்லியமானது என்று எவராவது அடித்துச் சொன்னால், எந்த ஆடிட்டரும் அதில் கையெழுத்துப் போடமாட்டார்.

சிறைக்குள் எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள்

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு, போலி நோய் என்று சந்தேகப்பட நான்கு அடையாளங்களைப் பட்டியலிடுகிறது. சட்ட விவகாரம் சம்பந்தப்பட்ட சூழல், சொல்லும் துன்பத்துக்கும் பரிசோதனையில் தெரிவதற்கும் உள்ள இடைவெளி, பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ ஒத்துழைக்காமை, சமூக விரோத ஆளுமைக் கோளாறு.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சிறைக்குள் போய்ப் பாருங்கள். சட்ட விவகாரம்? உள்ளே இருப்பவர் அத்தனை பேருக்கும் உண்டு. சமூக விரோத ஆளுமை? திருட்டும் அடிதடியும் உள்ள பழைய ரெக்கார்டைப் பார்த்தே பாதிப் பேருக்கு எழுதிவிடலாம். ஒத்துழைக்காமை? மனச்சிதைவு நோயாளிக்கு 'மருந்தில் விஷம் கலக்கிறார்கள்' என்று பயம் வருவது அந்த நோயின் இயல்பு. அவர் எப்படி ஒத்துழைப்பார்? ஆக, நான்கில் இரண்டு சிறை வாசலிலேயே ஒட்டிக்கொள்கிறது, மூன்றாவதை நோயே கொண்டுவந்து கொடுக்கிறது.

இன்னொரு விஷயம். நடிப்பும் நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க முடியாது என்று எவர் சொன்னது? 1898-லேயே சிக்பர்ட் கான்சர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர், ஹாலே நகரில் தான் பார்த்த கைதிகளைப் பற்றி எழுதினார். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்றால் ஐந்து என்பது போல, கேள்வி புரிந்திருக்கிறது, விடை மட்டும் ஒரு அடி தள்ளி விழுகிறது. கேட்கிற எவரும் "பச்சை நடிப்பு" என்றுதான் சொல்வார்கள். இல்லை, இது நோய் என்றார் கான்சர். நூற்றாண்டு தாண்டியும் அது நோயா நடிப்பா என்ற சண்டை முடியவில்லை. நிபுணர்களே முடிக்காத சண்டையை 25 கேள்வி முடித்துவிடுமாம்!

மிகைப்படுத்துவதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் இருக்கிறது. "தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை" என்று மெதுவாகச் சொன்னால் எவரும் திரும்பிப் பார்க்காத இடத்தில், "சுவரெல்லாம் ரத்தம் தெரியுது" என்று கத்தினால்தான் டாக்டர் வருவார் என்று ஒருவன் கற்றுக்கொள்கிறான். அவன் பொய் சொல்கிறான், சரி. அவனுக்கு நோய் இல்லை என்று ஆகிவிடுமா? அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்கள் வலியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதில்லையா? டெஸ்ட்டால் அதிகபட்சம் சொல்ல முடிந்தது, "இந்தப் பதில்கள் நம்பத்தக்கவை அல்ல" என்பது. "இந்த மனிதனுக்கு நோய் இல்லை" என்று எந்த டெஸ்ட்டும் சொல்வதில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கைதிகள் சாகிறார்கள்.

இந்தியச் சிறைகளில் என்ன நிலைமை?

அமெரிக்க டெஸ்ட்டைப் பற்றி இங்கே எதற்குக் கவலை என்று கேட்கலாம். அங்கே உள்ள வசதியே இல்லாத இடத்தில் அதே சந்தேகம் மட்டும் தாராளமாக இருக்கிறது, அதனால்தான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். 2025-ல் வந்த இந்திய நீதி அறிக்கை, இவ்வளவு பேருக்கும் சேர்த்து இருந்த உளவியலாளர்கள் அல்லது மனநல மருத்துவர்கள் 25 பேர் என்கிறது. இருபத்தைந்து! சுமார் 22,900 கைதிக்கு ஒருவர். 500 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று சொல்வது 2016-ன் மாதிரிச் சிறைக் கையேடு.

தேவை எவ்வளவு? பெங்களூர் மத்தியச் சிறையில் 5024 கைதிகளிடம் நிம்ஹான்ஸ் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், போதைப் பழக்கத்தைக் கழித்த பிறகும் 27.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. 24 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வந்த கட்டுரை, ஆண் கைதிகளில் 10.2 சதவீதம் பேருக்கும் பெண் கைதிகளில் 14.1 சதவீதம் பேருக்கும் கடுமையான மனச்சோர்வு இருப்பதாகச் சொல்கிறது. இத்தனை பேரும் நடிகர்களா?

சட்டம் இன்னும் வேடிக்கை. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 103-வது பிரிவு. மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு அமைக்க வேண்டும் என்று நல்ல விஷயம் சொல்லும் அதே பிரிவு, சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. எப்படிப்பட்ட அறிக்கை? எங்கள் சிறையில் மனநோயாளிகள் எவரும் இல்லை என்று சான்றளிக்கும் அறிக்கை! எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன சிகிச்சை நடக்கிறது என்பதல்ல, 'இல்லை' என்பதுதான் படிவத்தில் எதிர்பார்க்கும் விடை. விடையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தால், 'நடிக்கிறான்' என்பது எவ்வளவு வசதியான வார்த்தை என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், இல்லையென்றால் நிரூபிக்க வேண்டும் என்கிறது. கம்பிக்கு வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆனால் பிளேடால் கையைக் கிழித்துக்கொண்ட கைதியைப் பற்றி முதலில் வரும் வார்த்தை "சீன் போடுறான்" என்பதுதானே? 2022-ல் இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்கள் 159 பேர். அதில் 119 பேர் தற்கொலை. செத்த பிறகு நடிப்பு இல்லை என்று ஒப்புக்கொள்வதில் என்ன பெருமை?

மொழி வேறு ஒரு சிக்கல். இந்த டெஸ்ட்டுகளின் அடிப்படையே 'அபூர்வமான அறிகுறி' என்பது. எது அபூர்வம் என்பது ஊருக்கு ஊர் மாறும். "செத்துப்போன அப்பத்தா ராத்திரி வந்து பேசுது", "யாரோ செய்வினை வச்சிட்டாங்க", "தலைக்குள்ள பூச்சி ஊருது" என்பதெல்லாம் தமிழ்நாட்டுக் கிராமத்தில் துக்கத்தையும் பயத்தையும் சொல்லும் சாதாரணப் பேச்சு. மின்னசோட்டாவில் அளவெடுத்துத் தைத்த சட்டையை அப்படியே மாட்டினால், அந்தப் பேச்சுக்கெல்லாம் போலி மார்க் விழும். எழுதப் படிக்கத் தெரியாத கைதிக்கு வார்டரோ சக கைதியோ கேள்வியைப் படித்துக் காட்டினால் கதை இன்னும் மோசம்.

இந்த நாட்டுக்குக் கருவி மோகம் புதிதும் அல்ல. 2008-ல் புனே நீதிமன்றம் ஒன்று மூளை அலைச் சோதனையையும் சான்றுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டு ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனைகளை நடத்தக்கூடாது என்று தெளிவாகச் சொன்னது. மருந்து வேண்டி வரும் கைதியின் முன்னால், அவனைப் பிடிப்பதற்கான கேள்வித்தாளை 'சும்மா ஒரு டெஸ்ட்' என்று நீட்டுவது அந்தத் தீர்ப்பின் மனசாட்சிக்கு ஒத்து வருமா?

'தப்பிக்கும் வழி' என்ற கட்டுக்கதை

மனநோய் என்று சொன்னால் விடுதலை என்பதே பெரும்பாலும் பொய். அமெரிக்காவின் எட்டு மாநிலங்களை வைத்து 1991-ல் வந்த ஆய்வில், பெரிய குற்ற வழக்குகளில் மனநிலைப் பிறழ்வு வாதம் வைக்கப்பட்டதே நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதிலும் ஜெயித்தது கால்வாசிதான். ஜெயித்தவர் வீட்டுக்குப் போனாரா? 1975-ல் ஒரு கடையில் மேல்சட்டை திருட முயன்றதாகக் கைதான ஜோன்ஸ் என்பவருக்கு அதிகபட்சத் தண்டனையே ஒரு வருடம்தான். மனநோயாளி என்று 'விடுவிக்கப்பட்டு' மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். ஒரு வருடம் தாண்டியும் அடைத்து வைக்கலாம் என்று 1983-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் எப்போதோ வெளியே வந்திருப்பார்.

இந்தியாவில் மச்சல் லாலுங். அசாமில் 1951-ல் கைதானவர், தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-லேயே அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை எழுதியது. ஆனாலும் அவர் வெளியே வந்தது 2005-ல்! விசாரணையே நடக்காமல் 54 வருடம். வெளியே வந்து இரண்டே வருடத்தில் இறந்துபோனார். இதுதான் குறுக்குவழி என்றால், அதில் போக ஆசைப்படுகிறவருக்கு நிஜமாகவே ஏதோ சரியில்லை.

எதிர்த்தரப்பின் நியாயம்

மறுபக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. சிறையில் படுக்கையும் டாக்டரும் குறைவு. போலி ஒருவர் பிடிக்கும் இடம் நோயாளி ஒருவரின் இடம். க்வெடியாபின் போன்ற தூக்கம் வரவைக்கும் மருந்துகளை நடித்து வாங்கி விற்கும் பழக்கம் அமெரிக்கச் சிறைகளில் நிஜமாகவே இருந்தது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு, குற்றவாளி நாடகம் போட்டுத் தப்புகிறாரோ என்ற பயம் வருவதும் இயற்கை. நீதிமன்றத்தில் பொறுப்பா பொறுப்பில்லையா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் சோதனை வேண்டும்தான்.

ஆனால் இரண்டு தப்பின் விலையும் ஒன்றா? போலி ஒருவரை நோயாளி என்று நம்பினால் சில மாத்திரை வீண், சில வாரம் தாமதம், பிறகு கவனித்தால் வெளுத்துவிடும். நோயாளி ஒருவரைப் போலி என்று நம்பினால்? மருந்து நிற்கும், தனிக் கொட்டடி வரும், அடுத்த முறை கத்தினாலும் எவரும் வரமாட்டார்கள். நீதிமன்றத்தில் தண்டனையே கூடலாம். மனநோய் நடித்தது நீதியைத் தடுத்ததாகும், அதற்காகத் தண்டனையைக் கூட்டலாம் என்று 1998-ல் அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லியிருக்கிறது. ஒரு பக்கம் நஷ்டம் ரூபாயில், மறுபக்கம் உயிரில். இரண்டையும் ஒரே தராசில் போடுவது என்ன கணக்கு?

என்ன செய்யலாம்?

ஆடிட்டிங் தாளில் 1896-ன் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கைப் படிக்காத பி.காம். மாணவர் கிடையாது. ஆடிட்டர் காவல் நாயாக இருந்தால் போதும், வேட்டை நாயாக இருக்க வேண்டியதில்லை என்று சொன்ன வழக்கு. லாப நஷ்டக் கணக்கைப் பார்ப்பவருக்கே அந்த வரம்பு உண்டு. நோயாளியைப் பார்க்கும் டாக்டரை மட்டும் வேட்டை நாயாக்குவதா? அதே போல, ஒரு கம்பெனியின் ஊழியர் அந்தக் கம்பெனிக்கே ஆடிட்டராக முடியாது என்பது 2013-ன் கம்பெனிகள் சட்டம். ஆனால் கைதி நடிக்கிறானா என்று சொல்லும் பொறுப்பு சிறைச் சூப்பிரண்டின் கீழ் வேலை செய்பவரிடமே விடப்படுகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை சில.

1. சிகிச்சைக்கும் டெஸ்ட்டுக்கும் முடிச்சுப் போடக்கூடாது. கஷ்டம் என்று வருபவரை முதலில் பார்த்து, மருந்தோ கண்காணிப்போ கொடுக்க வேண்டும். தற்கொலை பற்றிப் பேசியவரை எந்த மார்க்கை வைத்தும் திருப்பி அனுப்பக்கூடாது.

2. நடிப்பா என்ற சோதனை, விசாரணைக்குத் தகுதி உண்டா, குற்றத்துக்குப் பொறுப்பு உண்டா என்று நீதிமன்றம் கேட்கும்போது மட்டும். அதுவும் ஒரு டெஸ்ட், ஒரு மார்க் போதாது. பல நாள் கவனிப்பு, பழைய சிகிச்சைச் சீட்டுகள், குடும்பத்தார், ஊரார் சொல்வது எல்லாம் சேர வேண்டும். ஜிகான்டியும் பியான்கியும் மாட்டியது அப்படித்தான்.

3. சோதிப்பவர் சிறை நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். எதற்காக இந்தச் சோதனை என்று கைதிக்கும் அவர் வக்கீலுக்கும் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

4. தமிழில் வைக்கும் டெஸ்ட், தமிழ் பேசும் மக்களிடம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சேர்த்து, சோதித்துத் தரப்படுத்தியதாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு மட்டும் போதாது.

5. 'நடிப்பு' என்று எழுதினால் காரணத்தோடு எழுத வேண்டும், கெடு வைத்து மறுபடி பார்க்க வேண்டும். ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் முத்திரையாக அது இருக்கக்கூடாது.

103-வது பிரிவின் அந்த 'இல்லை' அறிக்கையைத் திருத்துவதற்கு எந்த உளவியல் டெஸ்ட்டும் தேவையில்லை, நாடாளுமன்றத்தில் ஒரு சின்னத் திருத்தம் போதும். அதுவரைக்கும், அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு டாக்டரும், தனக்குக் கீழே ஒரு வார்டில் இரவெல்லாம் சுவரோடு பேசிக்கொண்டிருப்பவனைப் போய் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போடட்டும். அவன் நடிக்கிறானா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்கட்டும்.